உங்களுக்குத் தெரியுமா? பாடியவரைப் பாடிய பாட்டுகள்

மாலை ஏழு மணி. எட்டரைக்குத்தான் ஒன்றரை ஷிப்ட் முடியும். ஓவர்லாக் மெஷின்களின் இரைச்சலையும் மீறி, பனியன் கம்பெனி மூலையில் இருக்கும் ஸ்பீக்கரில் ஒரு பழைய பாட்டு ஓடுகிறது. கைமடிக்கும் அக்கா துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே கூடப் பாடுகிறார். “இது யாரு பாட்டுங்கக்கா?” என்று புதிதாகச் சேர்ந்த பையன் கேட்கிறான். “எம்ஜிஆர் பாட்டு தம்பி” என்று பதில் வருகிறது.

திரையில் வாயசைத்தவர் பெயர் நினைவில் இருக்கிறது. எழுதியவர், மெட்டுப் போட்டவர், பின்னால் நின்று பாடியவர் பெயர்கள் உதிர்ந்துவிடுகின்றன. அப்படி உதிரக்கூடாது என்பதற்காகவே சில பாட்டுகள் பிறந்திருக்கின்றன. முன்னால் பாடியவரைப் பின்னால் வந்தவர் பாடிய பாட்டுகள் அவை. திருப்பூர் வட்டாரத்துக்கு இந்த வழக்கத்தில் பெரிய பங்கு உண்டு.

1. பஸ் போகும் வழியில் இரண்டு பாடல் தலங்கள்

திருப்பூரிலிருந்து அவிநாசி போகும் பஸ்ஸில் ஏறினால் வழியில் திருமுருகன்பூண்டி வரும். தேவாரம் பாடப்பெற்ற கொங்கு நாட்டுத் தலங்கள் ஏழு. அவற்றில் பூண்டி, அவிநாசி இரண்டும் இன்றைய திருப்பூர் மாவட்டத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் பதிகம் பாடியவர் சுந்தரர். நண்பர் சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னையும் பொருளையும் பூண்டியில் வேடர்கள் பறித்துக்கொள்ள, அங்கே இறைவனிடமே அவர் பாட்டால் வழக்காடினார் என்பது தல வரலாறு. முதலை விழுங்கிய பிள்ளையை அவிநாசியில் பாடி மீட்டார் என்கிறது பெரிய புராணம். அவிநாசியின் பழைய பெயர் திருப்புக்கொளியூர்.

2. பெயர்களே பாட்டான பதிகம்

இதே சுந்தரர் திருவாரூரில் பாடியது திருத்தொண்டத்தொகை. 11 பாடல்கள். அதில் தனக்கென்று அவர் ஒன்றும் கேட்கவில்லை. தனக்கு முன் வாழ்ந்த அடியார்களையும் தன் காலத்து அடியார்களையும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, அவர்களுக்குத் தான் அடியவன் என்று பாடிக்கொண்டே போகிறார். தனியடியார் 60 பேர், தொகையடியார் 9 கூட்டத்தார். சுந்தரரையும் அவருடைய தந்தை சடையனார், தாய் இசைஞானியாரையும் சேர்த்து எண்ணியதால்தான் 63 நாயன்மார் என்ற கணக்கு வந்தது. கோயில் பிராகாரத்தில் வரிசையாக நிற்கும் 63 சிலைகளுக்கும் மூலம் இந்த ஒரு பதிகம்தான்.

3. அந்தப் பட்டியலில் பாட்டுக்காரர்கள் எத்தனை பேர்!

சம்பந்தர், அப்பர், காரைக்கால் அம்மையார், திருமூலர், சேரமான் பெருமாள் எல்லோரும் பாட்டு எழுதியவர்கள். ஆனாய நாயனார் குழல் வாசித்தவர். திருநீலகண்ட யாழ்ப்பாணர் சம்பந்தரோடு ஊர் ஊராகப் போய், அவர் பாட்டுக்கு யாழ் வாசித்தவர். பாடியவரோடு நிறுத்தாமல், பக்கவாத்தியக்காரரையும் அதே வரிசையில் வைத்து வணங்கினார் சுந்தரர். இன்றைய பாராட்டுப் பாடல்களில்கூட இதை எளிதில் பார்க்க முடியாது.

4. மெட்டைக் காப்பாற்றியவர் ஒரு பெண்

தில்லையில் தேவார ஏடுகள் கிடைத்தபோது சொல் கைக்கு வந்தது, பண் வரவில்லை. எருக்கத்தம்புலியூரில் அந்த யாழ்ப்பாணரின் வழியில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டு பண்களை வகுத்தார்கள் என்று திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. பதிகத்தில் பெயர் பெற்ற பாணரின் குடும்பமே பதிகங்களுக்கு இசையைத் திருப்பிக் கொடுத்தது.

5. கடவுளை விட்டுக் கவியைப் பாடியவர்

நாலாயிர திவ்யப் பிரபந்தத்தில் ஆழ்வார்கள் பெருமாளைப் பாடுகிறார்கள். மதுரகவி ஆழ்வார் மட்டும் தன் 11 பாசுரங்களையும் தன் ஆசான் நம்மாழ்வாருக்கே கொடுத்துவிட்டார். அந்தப் பாசுரங்களை 12,000 முறை ஓதித்தான் நாதமுனிகள் மறைந்துபோன நாலாயிரத்தையும் திரும்பப் பெற்றார் என்பது வைணவ மரபு. ஆசானைப் பாடிய பாட்டே ஆசானின் பாட்டுக்குச் சாவி ஆயிற்று.

6. பழநித் திருப்புகழில் ஒரு சேரர்

பழநிக்குப் பாதயாத்திரை போகும் கூட்டம் தாராபுரம், காங்கேயம் சாலைகளில் பாடிக்கொண்டு நடப்பதைத் தைப்பூச சமயத்தில் பார்க்கலாம். பழநிக்கு அருணகிரிநாதர் பாடிய புகழ்பெற்ற திருப்புகழ் ஒன்றின் முடிவில் ஆதி உலாவைப் பாடிய சேரர் வருகிறார், அவரை ஒட்டிக் கொங்கு நாடும் வருகிறது. அந்தச் சேரர் வேறு யாருமல்ல, சுந்தரரின் நண்பரான சேரமான் பெருமாள்தான். பல நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கவிஞரைத் தன் முருகன் பாட்டுக்குள் உட்கார வைத்துவிட்டார் அருணகிரியார். பாடுகிற பலருக்கு அது தெரியாமலே அந்த வணக்கம் தினமும் நடக்கிறது.

7. கொங்குப் புலவர்களுக்கு ஒரு சதகம்

திருப்பூருக்கும் பெருந்துறைக்கும் நடுவே இருக்கிறது விஜயமங்கலம். அந்த ஊர்க் கார்மேகக் கவிஞர் பாடியது கொங்கு மண்டல சதகம். கொங்கு நாட்டின் ஊர்கள், வள்ளல்களோடு இங்கே வாழ்ந்த புலவர்களையும் அது பாட்டுக்குப் பாட்டு நினைக்கிறது. நன்னூல் எழுதிய பவணந்தி, சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார் இருவரும் கொங்கு மண்ணுக்கு உரியவர்கள் என்று பெருமையோடு சொல்கிறது.

8. அழிந்த நூல்களின் பெயரைக் காத்த உரை

அந்த அடியார்க்கு நல்லாரை இசைக்காரர்கள் மறக்கவே கூடாது. பெருநாரை, பெருங்குருகு, பஞ்சமரபு என்று பழைய இசை நூல்களின் பெயர்களைத் தன் உரையில் எழுதிவைத்தவர் அவர். 1892இல் உ.வே.சாமிநாதையர் அவர் உரையோடு சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தபோதுதான் தமிழிசையின் பழைய இலக்கணம் பலருக்கும் தெரிய வந்தது. பின்னாளில் பஞ்சமரபின் ஏடுகளைத் தேடிப் பிடித்துப் பதிப்பித்தவரும் ஒரு கொங்குப் புலவரே. அவர் வே.இரா.தெய்வசிகாமணிக் கவுண்டர்.

9. காங்கேயம் பக்கத்து உடுக்கைப் பாட்டு

பொன்னர் சங்கர் கதையை அண்ணன்மார் கதை என்று இரவு முழுக்க உடுக்கை அடித்துப் பாடுவார்கள். கனடாவின் மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களில் காங்கேயம் அருகே ஓலப்பாளையத்தில் தங்கி, அந்தக் கதையைப் பாடகர்கள் வாயால் கேட்டு ஒலிநாடாவில் பதிவு செய்தார். உடுக்கைக்காரர் கதைக்குள் போவதற்கு முன் பிள்ளையாரையும் கலைமகளையும் தனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரையும் கும்பிடுவது மரபு. எழுதப் படிக்கத் தெரியாத பாடகரும் அந்த வணக்கத்தை விடுவதில்லை.

10. ஒற்றைப் பெயரிலிருந்து ஒரு நாடகம்

திருத்தொண்டத்தொகையில் நந்தனார் எனப்படும் திருநாளைப்போவார் ஒரு பெயர், அவ்வளவுதான். நம்பியாண்டார் நம்பி தன் அந்தாதியில் அதைக் கொஞ்சம் விரித்தார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தில் அதை ஒரு வரலாறாக்கினார். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அதை நந்தன் சரித்திரக் கீர்த்தனைகளாகப் பாடினார். நந்தனைத் தில்லைக்குப் போகவிடாமல் தடுக்கும் ஆண்டையான வேதியர் சேக்கிழாரில் இல்லை, பாரதியார் சேர்த்தவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முதலில் இந்தக் கீர்த்தனைகளுக்குச் சிறப்புப் பாயிரம் தரத் தயங்கினார், பாரதியார் பாடக் கேட்டு மனம் உருகிய பிறகு எழுதிக் கொடுத்தார் என்று உ.வே.சா. பதிவு செய்திருக்கிறார்.

11. ஆபோகியில் ஒரு மரியாதை

கோபாலகிருஷ்ண பாரதியார் திருவையாற்றில் தியாகராஜரைப் பார்க்கப் போனபோது சீடர்கள் ஆபோகி ராகக் கீர்த்தனை ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் ஆபோகியில் ஏதாவது செய்திருக்கிறீர்களா என்று தியாகராஜர் கேட்டார். அன்று ஒன்றும் இல்லை. விரைவிலேயே தில்லைச் சபாபதியைப் பற்றி ஒரு கீர்த்தனையை ஆபோகியில் கட்டிப் பாடிக் காட்டினார் பாரதியார். கச்சேரிகளில் இன்றும் அது பாடப்படுகிறது. பெரியவரின் கேள்விக்கு ஒரு பாட்டையே பதிலாகக் கொடுத்தார்.

12. பாரதியின் இரங்கற்பா

எட்டயபுரத்தில் வாழ்ந்த சுப்பராம தீட்சிதர், முத்துசுவாமி தீட்சிதரின் மரபில் வந்தவர். சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி என்ற பெரும் இசைத் தொகுப்பை 1904இல் வெளியிட்டார். 1906இல் அவர் மறைந்தபோது சுப்பிரமணிய பாரதி அவருக்கு இரங்கற்பா எழுதினார். தேசத்தைப் பாடிய அதே கையால் ஓர் இசைப் புலவரின் மறைவையும் எழுதிவைத்தார்.

13. பெயரையே காணிக்கை ஆக்கியவர்கள்

கனக சுப்புரத்தினம் தன் ஆசான் சுப்பிரமணிய பாரதிக்காகப் பாரதிதாசன் ஆனார். இராசகோபாலன் என்ற இளைஞர் அந்தப் பாரதிதாசனுக்காகச் சுப்புரத்தினதாசன் ஆகி, அதைச் சுருக்கிச் சுரதா ஆனார். ஒரு பாட்டுப் பரம்பரை கையெழுத்தாகவே மாறிவிட்டது.

14. 1933: இரண்டு குரல்கள் அடங்கிய ஆண்டு

நாடக மேடையின் பெரும் பாடகர் எஸ்.ஜி.கிட்டப்பா 1933 டிசம்பரில் காலமானார். வயது 27. அமெரிக்கக் கிராமியப் பாட்டின் முன்னோடி என்று கொண்டாடப்படும் ஜிம்மி ராட்ஜர்ஸ் அதே ஆண்டு மே மாதம் காசநோயால் இறந்தார். வயது 35. ரயில்வேயில் பிரேக் தொழிலாளியாக இருந்து பாடகரானவர் அவர். இருவருக்கும் நடுவே கடல்கள் கிடந்தன, ஒருவர் பாட்டை மற்றவர் கேட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் இருவர் மறைவுக்கும் பின்னால் நடந்தவை ஒரே மாதிரி இருக்கின்றன.

15. கொடுமுடிக் குயில்

கிட்டப்பாவின் மனைவி கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள். இருவரும் முதன்முதலில் சேர்ந்து மேடையேறியது இலங்கையில். கணவர் போனபின் 25 வயதில் வெள்ளைச் சேலைக்கு மாறிய சுந்தராம்பாள், இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி எடுத்தார். 1935இல் வெளிவந்த நந்தனார் படத்துக்கு அழைப்பு வந்தபோது நந்தனாராகவே, ஆண் வேடத்தில் நடித்தார். வேதியராக வந்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். அந்தப் படத்துக்கு அம்மையார் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய் என்பது அக்காலத்தில் நாடெங்கும் பேச்சு. சுந்தரர் பட்டியலில் இருந்த ஒரு பெயர், கொங்கு நாட்டுப் பெண்ணின் குரலில் இப்படி மறுபடி ஒலித்தது.

16. கடனாக வந்த கிடார்

அங்கே அமெரிக்காவில், டெக்சாஸ் இளைஞர் எர்னெஸ்ட் டப், ஜிம்மி ராட்ஜர்ஸின் பாட்டைக் கேட்டே பாட வந்தவர். ராட்ஜர்ஸின் மனைவி கேரி அவரைக் கூப்பிட்டு, கணவரின் கிடாரையே வாசிக்கக் கொடுத்தார். 1936இல் டப் பதிவு செய்த முதல் பாட்டுகளில் ராட்ஜர்ஸின் மறைவைப் பற்றிய பாட்டுகளும் உண்டு. முதல் வாய்ப்பையே முன்னோருக்குக் கொடுத்த அவர் பின்னாளில் தானும் ஒரு பெரிய பெயராக வளர்ந்தார்.

17. கென்யாவில் ஒரு தெய்வம்

ராட்ஜர்ஸின் இசைத்தட்டு எப்படியோ கென்யாவின் கிப்சிகிஸ் மக்களிடம் போய்ச் சேர்ந்தது. ஜிம்மி ராட்ஜர்ஸ் என்பது அவர்கள் நாக்கில் செமிரோச்சா ஆயிற்று. பாதி மனிதன், பாதி மான் என்று கற்பனை செய்து, அந்தப் பெயரைச் சொல்லிப் பெண்கள் பாடிய பாட்டை 1950இல் ஹியூ டிரேசி ஒலிப்பதிவு செய்தார். முகம் தெரியாத ஒருவருக்கு மொழி தெரியாத ஊர் செய்த மரியாதை இது.

18. மில் தொழிலாளியின் பாஞ்சோ

இது திருப்பூருக்கு நெருக்கமான செய்தி. அமெரிக்காவின் வட கரோலினாவில் பஞ்சு மில்கள் நிறைந்த ஊர்களிலிருந்துதான் ஆரம்பகாலக் கிராமியப் பாடகர்கள் பலர் வந்தார்கள். சார்லி பூல் அப்படி ஒரு மில் தொழிலாளி. பாஞ்சோ வாசித்துப் பாடி இசைத்தட்டில் புகழ் பெற்று, 1931இல் 39 வயதில் இறந்தார். ஏறக்குறைய 80 ஆண்டுகள் கழித்து, 2009இல் லூடன் வெயின்ரைட் என்ற பாடகர் சார்லி பூலின் வாழ்வையும் பாட்டையும் வைத்து ஒரு முழு ஆல்பம் வெளியிட்டார், அதற்குக் கிராமி விருதும் கிடைத்தது. நூல் மில்லில் நின்ற மனிதனை அவர் நாடு தேடி எடுத்து மறுபடி பாடியது.

19. கதர்க்கடையிலிருந்து சினிமாவுக்கு

நம் மாவட்டத்து உடுமலை நாராயண கவியும் துணியோடு புழங்கியவர்தான். 1899இல் உடுமலைப்பேட்டை அருகே பூளவாடியில் பிறந்தார். திருப்பூர் தமிழ்நாட்டின் கதர் மையமாக இருந்த காலத்தில் கதர்க்கடை வைத்து நடத்தினார், கடனாளி ஆனார். மதுரைக்குப் போய்ச் சங்கரதாஸ் சுவாமிகளிடம் யாப்பு கற்றார். கிட்டப்பா சிறுவனாக மேடையேறியதும் அதே சுவாமிகளின் நாடகக் குழுவில்தான். வேலைக்காரி, பராசக்தி, தூக்குத்தூக்கி என்று பல படங்களுக்குக் கவிராயர் பாட்டு எழுதினார். 1981இல் மறைந்தார். உடுமலையில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது, 2008இல் அஞ்சல் தலையும் வந்தது.

20. நந்தனார் கிந்தனார் ஆனார்

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் கிந்தனார் காலட்சேபம் 1949இல் நல்லதம்பி படத்தில் வந்தது. நாராயண கவியின் பாட்டோடு வந்த அது நந்தனார் காலட்சேபத்தின் அச்சில் வார்த்தது. நந்தன் தில்லைக்குப் போக ஏங்கினான், கிந்தன் பள்ளிக்கூடத்துக்குப் போக ஏங்குகிறான். ஒதுக்கப்பட்ட குடும்பத்துப் பையன் பட்டணம் போய்ப் படித்து, பள்ளிகளைப் பார்வையிடும் அதிகாரியாகத் திரும்புகிறான். சிரித்துச் சிரித்துக் கேட்ட ஜனங்களுக்குக் கோபாலகிருஷ்ண பாரதியின் மெட்டு வழியே புதிய நியாயம் ஒன்று புரிந்தது. பழைய பாட்டைத் தங்கள் காலத்துக்கு வேலை செய்ய வைத்தார்கள். முன்னோருக்கு இதைவிடப் பெரிய வணக்கம் இருக்க முடியாது.

21. 29 வயது

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959 அக்டோபரில் இறந்தபோது வயது 29. தொழிலாளிக்காகவும் விவசாயிக்காகவும் சினிமாவில் எழுதியவர். போட்டிக் கவிஞராகப் பேசப்பட்ட கண்ணதாசன் கலங்கிப்போய் அவருக்கு இரங்கற்பா எழுதினார். அமெரிக்காவின் ஹாங்க் வில்லியம்ஸ் 1953 புத்தாண்டு அன்று இறந்தபோதும் வயது 29. 1975இல் வேலன் ஜென்னிங்ஸ், தங்கள் தலைமுறையின் ஆடம்பரத்தைப் பார்த்து ஹாங்க் இப்படித்தான் செய்தாரா என்று கேட்கும் பாட்டை எழுதிப் பாடினார். பாராட்டோடு நிற்காமல், முன்னோரை அளவுகோலாக வைத்துத் தன்னையே அளந்து பார்த்த பாட்டு அது.

22. பண்ணைப்புரத்திலிருந்து பாக் வரை

1986இல் இளையராஜா வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ என்ற இசை ஆல்பத்தை இரண்டு பேருக்குச் சமர்ப்பித்தார். ஒருவர் திருவையாற்றுத் தியாகராஜர், மற்றவர் ஜெர்மனியின் யோஹான் செபாஸ்டியன் பாக். இருவரையும் ஒரே மூச்சில் குரு என்று வணங்கத் தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரம் என்ற கிராமத்து மனிதர் ஒருவரால் முடிந்தது.

இத்தனையும் சொன்னது ஒரே காரணத்துக்காக. சுந்தரர் அன்று ஒரு பெயரைச் சொல்லாமல் விட்டிருந்தால் சேக்கிழாருக்கு அந்தக் கதை கிடைத்திருக்காது, கோபாலகிருஷ்ண பாரதியாரின் கீர்த்தனை பிறந்திருக்காது, சுந்தராம்பாளின் நந்தனாரும் பூளவாடிக் கவிராயரின் கிந்தனாரும் வந்திருக்க மாட்டார்கள். பெயர் சொல்வது சின்ன வேலைதான். ஆனால் அதிலிருந்து எத்தனை முளைக்கும் என்று சொல்லும்போது யாருக்கும் தெரியாது.

எனவே கம்பெனியில், காரில், வீட்டில் பழைய பாட்டு ஓடும்போது பக்கத்தில் இருக்கும் பிள்ளை “யாரு பாட்டு?” என்று கேட்டால், நடித்தவர் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். எழுதியவர், இசை அமைத்தவர், பாடியவர் பெயர்களையும் சொல்லுங்கள். தெரியாவிட்டால் அன்றே தேடித் தெரிந்துகொண்டு மறுநாள் சொல்லுங்கள். உடுமலைப் பக்கம் போனால் கவிராயரின் மணிமண்டபத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய் வாருங்கள்.